கிண்கிணி என்று நான் நம்பிய ஓசை

சென்ற ஆண்டு பங்குனி கழிந்த பின், வெள்ளிக்கிழமை வழிபாட்டில் நான் பாடவில்லை. நீங்கள் எல்லோரும் பாடினீர்கள். நான் தூண் அருகில் நின்றேன். பிறகு நிற்பதற்கும் வரவில்லை. பலர் வீடு தேடி வந்து காரணம் கேட்டீர்கள். அப்போது வாய் திறந்து சொல்லும் நிலையில் நான் இல்லை. இன்று சொல்கிறேன். வேலவன் திருவடியின் கீழ் என்னோடு நின்று பாடும் உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்?

என் காதில் ஓர் ஓசை புகுந்தது. அது என் உறக்கத்தைத் தின்றது. என் பாட்டைத் தின்றது. இறுதியில் உயிரோடு இருக்கும் விருப்பத்தையும் தின்னத் தொடங்கியது.

அது தொடங்கியது ஒரு மார்கழி விடியலில். நம் தேயிலைத் தோட்டத்தின் மார்கழியை நான் உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. பனி இறங்கிய பாதையில் விளக்கேந்தி, வீடுகள் வரிசையாய் நிற்கும் லயம் லயமாகப் பாடிச் சென்று, கோயிலில் வந்து நிறைவு செய்வோம். கோயில் வாசலில் கட்டிய ஒலிபெருக்கியின் நேர் கீழேதான் எப்போதும் என் இடம். ஆசிரியராக இருந்த காலத்திலும், ஓய்வு பெற்ற பிறகும், அந்த இடத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அன்று வீடு திரும்பி அடுப்பைப் பற்றவைத்துவிட்டு நிமிர்ந்தேன். காதுக்குள் மெல்லிய ஓசை ஒன்று கேட்டது. குழந்தையின் காலில் கட்டிய கிண்கிணியைப் போல இருந்தது. எங்கோ தொலைவில், நிற்காமல், சிணுங்கிக்கொண்டே இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் விரலை விட்டுக் காதைக் குடைந்திருப்பார்கள். நான் கை கூப்பினேன்.

ஏனென்று சொல்கிறேன். எழுத்தறியும் முன்பே தகப்பனாரிடம் பதிகம் பாடக் கற்றவள் நான். குழந்தை வேலன் தளர்நடை நடந்து வருவதைப் பாடியவர்கள் எல்லோரும் அவன் காற்கிண்கிணியைப் பாடினார்கள். அன்பர் செவியில் அந்த ஒலி கேட்கும் என்று பாடினார்கள். அறுபது வயதைத் தாண்டும்வரை அந்தப் பாட்டுகளைப் பாடிய ஒருத்திக்கு, அந்த ஒலி ஒரு நாள் கேட்டுவிட்டதென்றால் நம்பாமல் என்ன செய்வாள்? கண்ணீர் வழிய அடுப்படியிலேயே அமர்ந்திருந்தேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததைக் கணவர் வந்து பார்த்தார்.

அவரிடம் சொன்னேன். தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கும் இயந்திரங்களுக்கு நடுவே வேலை செய்து ஓய்வு பெற்றவர் அவர். கோயிலுக்கு வருவார், ஆனால் எதையும் சிரித்துக்கொண்டுதான் கும்பிடுவார்.

"இந்தா புள்ள, மெஷின் நின்ன பொறகும் எனக்குக் காதுல ஓடிக்கிட்டே இருக்கும். வீட்டுக்கு வந்து சோறு திங்கறப்பவும் ஓடும். அப்ப எனக்கும் சாமி வந்திருக்காரு, நான்தான் தெரியாம வெரட்டிட்டேன் போல."

"சிரிக்காதீங்க. எல்லாத்துலயும் சிரிப்புதானா?"

"சிரிக்கல. மலைக்கு மலை கோயில் இருக்கயில, சாமிக்குக் குடியிருக்க ஒங் காதுலதானா காம்பரா கெடச்சிச்சு?"

நான் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

ஆனால் பக்கத்து வீட்டுப் பாக்கியத்திடம் பேசிவிட்டேன். அவள் கொழுந்து பறிக்கப் போகிறவள். மலையில் சொல்லப்பட்ட ஒரு சொல் மாலைக்குள் எல்லா லயங்களுக்கும் போய்விடும். தைப்பூசத்துக்குள் பெண்கள் வரத் தொடங்கினார்கள். பூவும் கற்பூரமும் கொண்டுவந்தார்கள். ஒருத்தியின் மகன் கட்டாருக்கு வேலைக்குப் போய், ஒரு தகவலும் அனுப்பாமல் இருந்தான். அவள் என் முன்னால் சம்மணமிட்டு அமர்ந்தாள்.

"டீச்சரம்மா, சாமி என்னா சொல்றாரு? எம் மகன் நல்லா இருக்கானா?"

"நான் குறி சொல்றவ இல்ல தங்கச்சி."

"தெரியும்ங்க. சத்தம் கேக்குதுல்ல? கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்."

அவளுக்காக நான் கண்ணை மூடிக் கேட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு கூர்ந்து எதையும் கேட்டதில்லை. அங்கே கிண்கிணி இல்லை. நடை இல்லை, தாளம் இல்லை, அருள் இல்லை. கீறிக்கொண்டே போகும் ஓர் ஒற்றைக் கீச்சொலி மட்டும் இருந்தது. எதிரே ஒரு தாய் அழுகிறாள். அந்த ஒலி கூடவுமில்லை, குறையவுமில்லை. அதற்கு அவளைத் தெரியவில்லை. என்னையும் தெரியவில்லை.

"நல்லா இருப்பான், போயிட்டு வா" என்று அனுப்பிவிட்டேன். அவள் போனதும் கதவைச் சாத்தினேன். இது என் ஆண்டவன் அல்ல. அப்படியானால் இது என்ன?

அந்தக் கேள்வி எழுந்த நாளிலிருந்து ஓசை பெருகியது. பெருகியதா, நான் அதையே கேட்டுக்கொண்டிருந்தேனா, அப்போது எனக்குத் தெரியவில்லை. பங்குனியில் அது இரும்பை அறுக்கும் வாளாக இருந்தது. தலையணையில் காதை வைத்தால் தலைக்குள் முழுவதும் அதுதான். உறங்காத உடம்போடு விடிந்தது. உறங்காத உடம்போடு இருட்டியது. ஒரு வெள்ளிக்கிழமை பதிகத்தின் முதல் அடியை எடுக்க வாயைத் திறந்தேன். சுருதி எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. சுருதிப் பெட்டியின் ஒலியும் காதின் கீச்சொலியும் ஒன்றை ஒன்று மிதித்தன. என் குரல் இரண்டுக்கும் நடுவில் தடுமாறி விழுந்தது. பின்னால் நின்ற நீங்கள் எடுத்துப் பாடிக் காப்பாற்றினீர்கள். உங்களுக்கு அது நினைவிருக்காது. நான் அன்று செத்துப் பிழைத்தேன்.

பிறகு மருந்து தேடும் அலைச்சல் தொடங்கியது. பூண்டு வதக்கிய நல்லெண்ணெயை இளஞ்சூட்டில் ஊற்றினேன்; எண்ணெய் வழிந்ததே மிச்சம். தோட்டத்து டிஸ்பென்சரியில் சொட்டு மருந்து தந்தார்கள். பண்டாரவளையில் ஒரு சிங்கள வைத்தியர், நல்ல மனிதர், காதுக்கு மூலிகைப் புகை காட்டினார். அன்று ஒரு நாள் குறைந்தது போலிருந்தது, மறுநாள் இரண்டு மடங்காகக் கேட்டது. இரத்த ஓட்டத்துக்கு என்று ஒருவர் மாத்திரை எழுதினார், வயிறுதான் புண்ணானது. கைத்தொலைபேசியில் வந்த ஒரு காணொலியைப் பார்த்துப் பின்மண்டையில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தேன். பாக்கியம் மந்திரித்த கயிறு கொண்டுவந்தாள், அதையும் கட்டினேன். கதிர்காமத்துக்கு நேர்ந்துகொண்டேன். பால்குடம் எடுத்தேன். குடம் சுமந்து நடந்த அவ்வளவு நேரமும் கோயில் மேளத்துக்குக் காதைப் பொத்திக்கொள்ளத் துடித்தேன். ஒரு பக்தை மேளத்துக்கு அஞ்சுகிறாள்!

ஏனென்றால் அதற்குள் நான் வேறொரு முடிவுக்கு வந்திருந்தேன். ஓசைதான் நோய் என்றால் மௌனம்தான் மருந்து. மௌனத்தின் பெருமையைப் பாடாத அடியார் உண்டா? சும்மா இருத்தலே சுகம் என்றல்லவா கற்றிருக்கிறோம்? எனவே வீட்டை மௌனமாக்கினேன். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினேன். வானொலியைத் துணி சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். யன்னல்களைச் சாத்தினேன். நானும் மௌன விரதம் பூண்டேன், கணவரையும் பேசவிடவில்லை. காதில் எந்நேரமும் பஞ்சு. சிரித்துக்கொண்டே வாழ்ந்த அந்த மனிதர், இருமல் வந்தால் கொல்லைப்புறம் போய் இருமிவிட்டு வந்தார். ஒரு மாலை அவர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். நான் அலறினேன். அவர் கரண்டியை எடுத்துக் கழுவி, ஒரு துணியின் மேல் ஓசைபடாமல் வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த என் நெஞ்சை எப்படி எழுதுவேன்?

வீடு எவ்வளவு அடங்கியதோ, அவ்வளவு ஓங்கியது அந்தக் கீச்சொலி. சந்நிதியிலும் அதுவே. திருநீறு பூசும்போதும் அதுவே. என் இறைவனோடு தனித்திருக்க எனக்கு ஓர் இமைப்பொழுது இல்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் அது வந்து உட்கார்ந்துகொண்டது.

ஐப்பசி கழிந்து மழை பிடித்தபோது, கணவர் என்னைப் பதுளைக்கு அழைத்துப் போனார். அங்கே வைத்தியசாலையில் காது மருத்துவர் பொறுமையாகப் பார்த்தார். சிங்களத்தில் நீளமாகச் சொன்னார். தாதி தமிழில் சொன்னாள்.

"காதுக்குள்ள புண்ணு, கட்டி ஒன்னும் இல்லையாம்மா. நரம்பு சம்பந்தப்பட்டது. இத அப்படியே இல்லாமப் பண்றதுக்கு மருந்து இல்லைன்னு சொல்றாரு. ஆனா கேக்குற சக்திக்கு ஒரு டெஸ்ட் எடுக்கணும்..."

அதற்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் எனக்குள் போகவில்லை. மருந்து இல்லை. அந்த இரண்டு சொல்லோடு எழுந்து வெளியே வந்துவிட்டேன். டெஸ்டுக்குரிய துண்டுச்சீட்டைக் கணவர்தான் வாங்கிக்கொண்டு பின்னால் ஓடிவந்தார்.

பஸ்ஸில் யன்னலோரம் அமர்ந்திருந்தேன். வெளியே மழை. யன்னல் அடைத்திருந்தது, காதில் பஞ்சு இருந்தது. பசறை தாண்டி வண்டி மலையேறியது. கீழே ஆழமான பள்ளம். அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எழுதக் கூசுகிறது, ஆனாலும் இதைப் படிப்பவர்களில் என்னைப் போல ஒருவர் இருக்கக்கூடும் என்பதால் மறைக்கவில்லை. அந்தப் பள்ளம் எனக்கு அமைதியான இடமாகத் தெரிந்தது. அங்கே ஓசை இருக்காது என்று தோன்றியது. அந்த எண்ணம் வந்ததும் பயந்து கணவரின் கையைப் பிடித்தேன். பதிகம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. அத்தனை பாட்டும் கற்ற எனக்கு அன்று ஒரு சொல்லும் உதவவில்லை. தெருவில் நிற்கும் பிச்சைக்காரியைப் போலக் கேட்டேன். "முருகா, இந்த ஓசையை எடு. இல்லையென்றால் என்னை எடு. இரண்டில் ஒன்று இன்றைக்கே செய்."

சிறிது தூரம்தான் போயிருப்போம். வண்டி நின்றது. முன்னால் மண் சரிந்து பாதையை மூடியிருந்தது. பெரிய சரிவல்ல, யாருக்கும் ஆபத்தில்லை. ஆனால் இயந்திரம் வந்து அள்ளும்வரை போக முடியாது. நனைந்துகொண்டு பக்கத்திலிருந்த தேயிலைத் தொழிற்சாலைக்கு எல்லோரும் ஒதுங்கினோம். வாசலில் சாரல் அடித்தது. காவலாளி கணவருக்குப் பழக்கமானவர்.

"அண்ணே, அக்கா நடுங்குறாங்க. மேல மாடிக்குக் கூட்டிட்டுப் போங்க. கொழுந்து காயுது, சூடா இருக்கும். டீமேக்கர் ஐயாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

பறித்த கொழுந்தை வாட்டும் மேல்மாடி அது. நீண்ட தொட்டிகளில் பச்சைக் கொழுந்து பரப்பியிருக்கும்; அடியிலிருந்து பெரிய காற்றாடிகள் சூடான காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். படியில் கால் வைத்ததுமே அந்த இரைச்சல் கேட்டது. நான் பின்வாங்கினேன். இத்தனை மாதங்களாக நான் ஓடி ஒளிந்ததெல்லாம் எதற்கு அஞ்சியோ, அதன் வாய்க்குள்ளேயே என்னை இட்டுச் செல்கிறார்கள்! ஆனால் குளிரில் பல் கிட்டியது. ஏறினேன். ஒரு தொட்டியின் ஓரத்தில் சாக்கை விரித்து உட்கார்த்தினார்கள். பஞ்சு மழையில் ஊறிக் காது வலித்தது. வேறு வழியின்றி அதை எடுத்துப் பிழிந்தேன்.

காற்றின் ஓசை உள்ளே வந்தது.

சீரான, அகலமான, முடிவில்லாத ஓசை. மலையே மூச்சு விடுவது போன்ற ஓசை. பச்சைக் கொழுந்தின் வாசமும் அதனோடு வந்தது. நான் வழக்கம்போல என் கீச்சொலியைத் தேடினேன். இல்லை. பயந்து மறுபடியும் தேடினேன். தலையைச் சாய்த்து, மூச்சை அடக்கித் தேடினேன். இல்லை! மார்கழியிலிருந்து ஒரு கணமும் விலகாத ஒன்று அங்கே இல்லை. அழுவதற்குக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. தொட்டியின் பலகையில் தலை சாய்ந்தது மட்டும் தெரியும்.

கணவர் தோளை உலுக்கி எழுப்பினார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"எந்திரி புள்ள. ரோட்டக் கிளியர் பண்ணிட்டாங்க. இப்படியா தூங்குவ? மூக்குல வெரல வச்சில்ல பாத்தேன்!"

"தூங்கினேனா?"

"கொறட்ட வேற. அந்தக் காத்தாடி தோத்துப்போச்சு."

நான் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். கொழுந்து கிளறிக்கொண்டிருந்த பெண்கள் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

வெளியே வந்து வண்டி ஏறியதும் கீச்சொலி திரும்பி வந்துவிட்டது. வழக்கமாக அது என்னை உடைத்திருக்கும். அன்று உடைக்கவில்லை. அது விலகக்கூடியது என்பதை நான் பார்த்துவிட்டேன். கணவர் சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துக் காட்டினார். "அந்த டெஸ்டுக்குப் போவமா?" என்றார். போனோம்.

கேள்திறன் பார்த்தவர் ஒரு முஸ்லிம் பெண்பிள்ளை, பதுளை நகரத்தைச் சேர்ந்தவர். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, காதில் கருவி மாட்டி, ஓசை கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார். பிறகு படத்தைக் காட்டினார். அவரிடம் கொழுந்து மாடியில் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"அன்ட்டி, ஒங்கட காது மெல்லிய, கீச்சுச் சத்தங்கள எடுக்கிறதக் கொறைச்சிட்டு. வயசும் காரணம், ஸ்பீக்கருக்குக் கீழ நின்டதும் காரணமா இருக்கும். காதுல இருந்து வர வேண்டியது வரல்ல என்டதும் மூளை தன்ட சத்தத்தக் கூட்டி வச்சுத் தேடுது. அந்தத் தேடுற சத்தந்தான் ஒங்களுக்குக் கேக்குது."

"நான் வீட்டுல ஒரு சத்தமும் இல்லாமப் பாத்துக்கிட்டேனேம்மா. கடிகாரத்தக்கூடக் கழட்டி வச்சேன்."

"அதான் பிழையாப் போயிட்டு. இருட்டு அறையில சின்ன வெளக்கும் கண்ணக் குத்துந்தானே? பகல்ல அதே வெளக்கு எரியறது தெரியுமா? சத்தத்தத் தொறந்து விடுங்க. மழை, காத்து, ரேடியோ, எதுவும் பரவாயில்ல. மெதுவா இருக்கட்டும், எந்நேரமும் இருக்கட்டும். கேக்குற மிஷின் ஒன்டும் போட்டுப் பாப்பம். முழுசாப் போயிரும் என்டு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க அத மறந்து இருக்கிற நேரம் கூடும், இன்ஷா அல்லாஹ்."

மௌனத்தைக் கேட்டு நான் மாதக்கணக்கில் அழுதேன். முருகன் என்னை இரைச்சலின் நடுவே கொண்டுபோய் உட்காரவைத்தான். அன்பர்களே, என்ன வேண்டும் என்று நாம் கேட்கலாம். அதை எந்த வழியாகத் தர வேண்டும் என்று அவனுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன் நான். ஆசிரியை அல்லவா! பாதையை மண்ணால் மூடி, பஞ்சை மழையால் நனைத்து அவன் எனக்குப் பாடம் எடுத்தான்.

உடனே எல்லாம் மாறிவிடவில்லை. கருவி பழகுவதற்குள் பல முறை கழற்றி எறியத் தோன்றியது. உறக்கம் படிப்படியாகத்தான் திரும்பியது. மனம் பதறும்போது அதைத் திருப்பும் பயிற்சியையும் கிளினிக்கில் சொல்லித் தந்தார்கள், இன்றும் செய்கிறேன். யன்னல்கள் திறந்திருக்கின்றன. என் கணவர் வீட்டுக்குள்ளேயே இருமுகிறார். அவர் வானொலியில் செய்தி கேட்டு, அமைச்சர்களைத் திட்டும் ஓசையைவிட இனிய மருந்து எனக்கு வாய்க்கவில்லை.

கட்டாருக்குப் போன மகனின் தாயைத் தேடிப் போனேன். என் காதில் கேட்டது சாமி அல்ல, ஒரு நோய் என்று சொன்னேன். மகன் இப்போது தொலைபேசியில் பேசுகிறான் என்றாள். பிறகு சிரித்தாள்.

"அது சாமியா இல்லையான்னு பாத்தா வந்தேன் டீச்சரம்மா? மகனப் பத்தி ஒருத்தர்கிட்ட ஒக்காந்து பேசணும். இங்க யாருக்கு நேரம் இருக்கு?"

இந்தப் பங்குனி உத்திரத்துக்கு முந்திய வெள்ளி, உங்களுக்கு நினைவிருக்கும். நான் மீண்டும் பாட வந்தேன். ஒலிபெருக்கியைப் பள்ளத்தாக்குப் பக்கம் திருப்பிக் கட்டச் சொல்லியிருந்தேன். இளைஞர்கள் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்கள். சுருதிப் பெட்டியைக் காதருகே வைத்துக்கொண்டேன். கண்ணை மூடியபோது கீச்சொலி இருந்தது. இருக்கட்டும் என்று முதல் அடியை எடுத்தேன். குரல் சிறிது நடுங்கியது. இரண்டாம் அடியில் நீங்கள் சேர்ந்தீர்கள். பதிகம் முடிந்து தீபாராதனை காட்டும்போதுதான், இவ்வளவு நேரமும் அந்த ஓசையை நான் கேட்கவேயில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அது போயிருந்ததா, நான் மறந்திருந்தேனா, அறியேன். விழுந்து கும்பிட்டேன். எழுந்திருக்க மனம் வரவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது காதில் ஓசை இருந்தால், தொழிற்சாலையில் உழைத்த ஆண்களுக்கு நிச்சயம் இருக்கும், தனியாகக் கிடந்து சாகாதீர்கள். எண்ணெய் ஊற்றாதீர்கள். வேலவனிடம் அழுங்கள், நன்றாக அழுங்கள், அவன் கேட்பான். அழுது முடித்ததும் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கிளினிக் நாளில் நானே உங்களைப் பதுளைக்குக் கூட்டிப் போகிறேன். பஸ்ஸில் பள்ளத்துப் பக்கம் நான் உட்கார்ந்துகொள்கிறேன். வழியெல்லாம் பேசிக்கொண்டே போவோம்.